இன்ஷ்யூரன்ஸ்: கம்பெனியா, சங்கமா?

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பகல் வண்டியில் நீங்கள் எப்போதாவது பிரயாணம் செய்திருப்பீர்கள். காட்பாடி கழிந்து, குடியாத்தம் கடந்து, ஆம்பூர் நெருங்கும்போது பெட்டிக்குள் இரண்டு காரியங்கள் நடக்கும். சாப்பாட்டுப் பிரியர்கள் பிரியாணியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். தோல் வாடைக்கு அவ்வளவு மரியாதை!

ஜன்னலைச் சாத்துகிறவர் காலில் பளபளவென்று ஒரு ஜோடி பூட்ஸ் இருக்கும். அது எங்கே பதனிட்ட தோலோ, யார் தைத்ததோ, அவருக்குத் தெரியாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அதன் பக்கத்திலும் இருக்கிற ஊர்களில்தான் அந்த ஜோடியின் ஜாதகம் பாதி எழுதப்பட்டிருக்கும். ஒரே வேலூர் ஜில்லாவாக இருந்த இந்தப் பிரதேசத்தை 2019-ம் வருஷம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஜில்லா மூன்றானாலும் தொழில் ஒன்றுதான். அதில் இருக்கிற அபாயமும் ஒன்றுதான்.

அந்த அபாயத்தை யார் சுமப்பது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன். "இன்ஷ்யூரன்ஸ் விஷயமா? ஏஜெண்டு வந்துவிட்டார்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் உங்களிடம் பாலிஸி எதுவும் விற்கப் போவதில்லை.

பள்ளமும் மதிலும்

தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டி உண்டு, சாயத் தொட்டி உண்டு, கழிவு நீர்ப் பள்ளம் உண்டு. ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையை ஊற வைத்த தண்ணீரில்தான் இங்கே தோல் பதப்பட்டது. 1970-களில், பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்குச் சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. முடிந்த சரக்காகத்தான் அனுப்ப வேண்டும் என்றது. அதற்குப் பிறகு ஆவாரம் பட்டை இருந்த இடத்தில் குரோமிய உப்பு வந்து உட்கார்ந்தது. வியாபாரம் பெருகியது, கூடவே ஆபத்தும். கழிவுப் பள்ளத்தைச் சுத்தம் செய்ய இறங்கிய மனிதன் விஷ வாயுவால் மயங்கி விழுவதும், அவனைத் தூக்கப் போன இரண்டாவது மனிதனும் அங்கேயே விழுவதும் இந்தத் தொழிலில் நடந்திருக்கின்றன.

2015-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டையில் நடந்த சம்பவம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்தம் செய்யும் பொது நிலையத்தில் சகதி தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் அந்தச் சகதியில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும்போது கூட அல்ல, தூங்கும்போது!

இது பேப்பரில் வந்த செய்தி. பேப்பரில் வராத கஷ்டம் இதைவிடப் பெரிது. ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸின் மேல் தோலைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களைப் பார்க்கலாம். நடுவில் இருக்கிற ஆள் தோலைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். தைத்ததை எண்ணி எடுத்துப் போவார். கூலி ஜோடிக்குச் சில ரூபாய். தடித்த தோலில் ஊசி ஏற்றி ஏற்றி விரல் மரத்துப் போகும், தோள் பிடித்துக்கொள்ளும், கண் மங்கும். அந்த அம்மாள் காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் என்ன ஆகும்? வைத்தியச் செலவு ஒரு புறம். அதை விடுங்கள், பத்து நாள் கூலி போய்விட்டதே, அதை யார் கொடுப்பார்கள்? தோல் கட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான்.

மொய் நோட்டு

இன்ஷ்யூரன்ஸ் என்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று நம்மில் பலருக்கு எண்ணம். நம் வீட்டுப் பரணில் இருக்கும் மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் எழுதியது, நம் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் எழுதியது எல்லாம் அதில் இருக்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் தெருவே அடுப்பு மூட்டிச் சோறு கொண்டுபோகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இலங்கையில் ஊருக்கு ஊர் மரண உதவிச் சங்கம் வைத்து, மாதம் சிறு தொகை வசூலித்து, அங்கத்தினர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் காரியச் செலவுக்குக் கொடுக்கிறார்கள். பலர் கொஞ்சம் கொஞ்சம் போட வேண்டியது. யாருக்கு இடி விழுகிறதோ அவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. இன்ஷ்யூரன்ஸின் சூத்திரம் இதற்குமேல் ஒன்றுமில்லை.

அப்படியானால் கம்பெனிக்கும் சங்கத்துக்கும் என்ன வித்தியாசம்? வருஷக் கடைசியில் பெட்டியில் மிச்சம் இருக்கிறது பாருங்கள், அந்தப் பணம் யாருடையது என்பதுதான். கம்பெனியில் அது பங்குக்காரர்களுடையது. அந்தப் பங்குக்காரர் பாலிஸி எடுத்தவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே, கொடுக்க வேண்டிய தொகையில் குறைகிற ஒவ்வொரு ரூபாயும் வேறொருவருக்கு லாபம். சங்கத்தில் பணம் போடுகிறவரும் வாங்குகிறவரும் சொந்தக்காரரும் ஒருவரே. மிச்சம் இருந்தால் அடுத்த வருஷச் சந்தா குறையும். அல்லது உதவித் தொகை கூடும். கம்பெனிக்காரர்கள் எல்லாரும் பொல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. தராசை எந்தப் பக்கம் சாய்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

மேல் நாட்டிலும் இது கம்பெனியாக மட்டும் வளரவில்லை. 1752-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வீட்டுக்காரர்கள், பெஞ்சமின் பிராங்க்ளினையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தீ விபத்துக்குத் தங்களுக்குள்ளேயே ஒரு நிதி வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1844-ல் ராக்டேல் என்ற ஊரின் தொழிலாளிகள் ஒரு கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அதைப் பார்த்துப் பெருகிய கடைகள், 1867-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனம் கண்டன. கடைக்குத் தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற கவலையிலிருந்து பிறந்தது அது.

நம் தேசத்துக் கதை

1818-ல் கல்கத்தாவில் முதல் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி தோன்றியபோது அது வெள்ளைக்காரர்களுக்காகவே தோன்றியது. பிறகு இந்தியர்களைச் சேர்த்துக்கொண்ட கம்பெனிகள் அவர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்கின. கறுப்பு உயிர் சீக்கிரம் போகும் என்று கணக்கு! 1870-ல் தோன்றிய பம்பாய் மியூச்சுவல் சங்கம்தான் நம்மவர்களை எல்லோருக்கும் உள்ள சாதாரண விகிதத்தில் எடுத்துக்கொண்டது. 'மியூச்சுவல்' என்ற பெயரைக் கவனியுங்கள். பரஸ்பரம் என்று அர்த்தம்.

சென்னை ராஜதானிக்குக் கூட்டுறவு விஷயத்தில் ஒரு கௌரவம் உண்டு. சர் பிரெடரிக் நிக்கல்ஸன் ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து சர்க்காருக்குப் பெரிய அறிக்கை கொடுத்தது இங்கேதான். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுக் கடை வந்தது. காஞ்சீபுரத்தில் நகரக் கூட்டுறவு பாங்க் வந்தது. 1930-களில் சென்னையில் தென்னிந்தியக் கூட்டுறவு இன்ஷ்யூரன்ஸ் சங்கம் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் நடத்தியது. 1938-ம் வருஷத்து இன்ஷ்யூரன்ஸ் சட்டம், பரஸ்பர ஸ்தாபனங்களுக்கும் கூட்டுறவு ஆயுள் சங்கங்களுக்கும் தனியாகவே இடம் ஒதுக்கியிருந்தது.

பிறகு 1956 வந்தது. தனியார் கம்பெனிகள் சிலவற்றின் முதலாளிகள் பாலிஸிதாரர் பணத்தைத் தங்கள் சொந்தத் தொழில்களுக்குத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பார்லிமெண்டில் பெரோஸ் காந்தி புள்ளிவிவரத்தோடு எழுந்து நின்றார். 1956 ஜனவரி 19-ந் தேதி, நிதி மந்திரி சி.டி. தேஷ்முக் அவசரச் சட்டத்தை அறிவித்தார். 154 இந்தியக் கம்பெனிகள், 16 அன்னியக் கம்பெனிகள், 75 பிராவிடண்ட் சங்கங்கள், ஆக மொத்தம் 245 ஸ்தாபனங்கள் ஒன்றாகி, அந்த வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது. ஏமாற்றிய கம்பெனி, ஏமாற்றாத கம்பெனி, அங்கத்தினர்களே நடத்திய கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஒரே சாக்கில் போய்விட்டன. தேச நன்மைக்காக நடந்த காரியம்தான். ஆனால் நெல்லோடு விதை நெல்லும் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.

1973-ல் தீ, விபத்து போன்ற பொது இன்ஷ்யூரன்ஸும் தேசியமாயிற்று. 1999-ல் சட்டம் மாறித் தனியார் கம்பெனிகள் மறுபடி உள்ளே வந்தன. 2002-ல் கூட்டுறவுச் சங்கங்களும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். வாசற்படியின் உயரம் மட்டும் 100 கோடி ரூபாய் மூலதனம்! திண்ணையில் பூட்ஸ் தைக்கிற அம்மாள் அந்தப் படியில் எப்படி ஏறுவாள்? 2020-ல் இன்ஷ்யூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் நியமித்த ஒரு குழு, ஏழைகளுக்கான சிறு இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனங்களுக்கு 20 கோடி போதும் என்று சிபாரிசு செய்தது. 20 கோடியும் நம் கண்ணுக்கு எட்டாத தொகைதான்.

"அவளுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதே!"

இப்படி ஒரு வாசகர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1948-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டில்லியிலும் துவங்கிய இ.எஸ்.ஐ. திட்டம், உண்மையில் தேசத்திலேயே பெரிய மொய் நோட்டு. 2019 ஜூலையிலிருந்து முதலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75 கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நோய் என்றால் வைத்தியம் மட்டும் அல்ல. வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கையில் வரும். வேலையில் உயிர் போனால் குடும்பத்துக்கு மாதா மாதம் பணம் உண்டு. ஆம்பூரில் பெரிய பூட்ஸ் பாக்டரிக்குள் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது பெரிய பலம். இதைவிட மலிவாக எந்தக் கம்பெனியும் கொடுக்க முடியாது.

ஆனால் பாக்டரியின் கேட்டுக்கு வெளியே? திண்ணை அம்மாளின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாதவளுக்கு யார் சந்தா கட்டுவது? காண்ட்ராக்டர் மூலம் வருகிற வெளி மாநிலத்துப் பையனுடைய பெயரும் பல சமயம் கணக்கில் ஏறுவதில்லை.

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் துவங்கிய சர்க்கார் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. பெயரும் கம்பெனியும் மாறி மாறி வந்தாலும் ஏழைக் குடும்பங்களுக்கு அது உயிர் காக்கிற காரியம் செய்கிறது. இருதய ஆபரேஷன் என்றால் கார்டை நீட்டலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நாட்களின் கூலியை அந்தக் கார்டு கொடுக்காது. டவுன் டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் அடிக்கடி கொடுக்கும் சில்லறையையும் கொடுக்காது. குடும்பங்கள் கந்துவட்டிக்குப் போவது பெரிய ஆபரேஷனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்; பத்து நாள் காய்ச்சலே போதும்.

கூடலூரிலும் கடமலையிலும்

இந்த இடைவெளியை ஏழைகள் தாங்களே அடைக்க முடியுமா? முடியும் என்று நம் ராஜ்யத்திலேயே இரண்டு மலைப் பிரதேசங்கள் காட்டியிருக்கின்றன.

ஒன்று நீலகிரியில் இருக்கும் கூடலூர். பணியர், குறும்பர், காட்டு நாயக்கர் முதலிய ஆதிவாசிகள் அங்கே தங்களுக்கென்று ஆதிவாசி முன்னேற்ற சங்கம் வைத்திருக்கிறார்கள். 'அக்கார்ட்' என்ற தொண்டு ஸ்தாபனம் துணை நின்றது. 1990-ல் 'அஸ்வினி' என்ற பெயரில் அவர்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி வந்தது. அதில் நர்ஸுகளாக ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்றார்கள். 1992-ல் இன்ஷ்யூரன்ஸ் துவங்கினார்கள். அதன் அமைப்பு வெகு கெட்டிக்காரத்தனமானது. சங்கம் அங்கத்தினரிடம் சிறு சந்தா சேகரிக்கும்; சங்கத்தின் பெயரில் மொத்தமாக ஒரே பாலிஸி பெரிய இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடம் எடுக்கும்; வைத்தியம் சொந்த ஆஸ்பத்திரியில் நடக்கும். நோயாளி எந்தப் பாரத்தையும் நிரப்ப வேண்டியதில்லை; எந்தக் கம்பெனி வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. கம்பெனியோடு மல்லாடுவது சங்கத்தின் வேலை.

பிற்பாடு டாக்டர்கள் இதை ஆராய்ந்து கணக்கெடுத்தார்கள். இன்ஷ்யூரன்ஸில் சேர்ந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த விகிதம், சேராதவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது என்று 2010-ல் பிரசுரித்தார்கள். "அப்படியானால் சும்மா சும்மா போய்ப் படுத்துக்கொண்டார்களோ?" என்று கேட்காதீர்கள். முன்பெல்லாம் வீட்டிலேயே கிடந்து சாகிறவர்கள், இப்போது சிகிச்சைக்கு வந்தார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம் கொள்ள வேண்டும்.

இன்னொன்று தேனி ஜில்லாவில் வருஷநாட்டு மலையடிவாரத்தில் கடமலைக்குண்டு. அங்கே மதுரை 'தான்' அறக்கட்டளை வளர்த்த களஞ்சியம் மகளிர் குழுக்கள் சேர்ந்து ஒரு வட்டாரச் சங்கமாக இருந்தன. 2000-ம் வருஷத்தில் அவர்கள் வைத்திய நிதி ஒன்றைத் தாங்களே ஏற்படுத்திக்கொண்டார்கள். கூடலூர்க்காரர்கள் கம்பெனியைக் கூட்டுச் சேர்த்தார்கள் அல்லவா? கடமலைப் பெண்கள் அதையும் செய்யவில்லை. பணம் அவர்களுடையது, விதி அவர்களுடையது, உதவித் தொகையைத் தீர்மானிப்பதும் அவர்களே. கம்பெனி விசாரணைக்காரர் மூன்று மாதம் கடிதம் எழுதிக் கண்டுபிடிக்கிற விஷயத்தை, பக்கத்துத் தெரு அம்மாள் மூன்று நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். "அவளுக்கு நிஜமாகவே வயிற்று ஆபரேஷன்தான். நான்தான் சோறு கொண்டுபோனேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் கேஸ் முடிந்தது. பொய்க் கேஸ் என்றாலும் அதே வேகத்தில் முடியும்! இந்தச் சௌகரியத்தை எந்தக் கம்பெனியும் எவ்வளவு சம்பளம் கொடுத்தும் வாங்க முடியாது.

கர்நாடகத்தில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். டாக்டர் தேவி ஷெட்டியின் யோசனையின் பேரில், 2003-ல் 'யசஸ்வினி' என்று துவங்கியது. ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் விவசாயிகளிடம் மாதம் 5 ரூபாய், வருஷத்துக்கு 60 ரூபாய். சர்க்கார் கொஞ்சம் சேர்த்துப் போட்டது. முதல் வருஷத்திலேயே 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள். நடுவில் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியே கிடையாது, ஒரு டிரஸ்டுதான். 2018-ல் அதை ராஜ்ய சர்க்கார் வேறு திட்டத்தோடு கரைத்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் விடவில்லை, 2022-ல் அது மறுபடி உயிர் பெற்றது.

பெட்டி எப்போது காலியாகும்?

இங்கே நாம் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்படாதீர்கள், நாலாவது வகுப்புக் கணக்குதான்.

ஆம்பூர்ப் பக்கத்தில் 1,000 திண்ணைத் தையல்காரக் குடும்பங்கள் ஒரு சங்கம் வைத்ததாக வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 25 ரூபாய். வருஷத்தில் 3 லட்சம் சேரும். வைத்தியச் செலவை சர்க்கார் கார்டுக்கு விட்டுவிட்டு, கூலி நஷ்டத்துக்கு மட்டும் நாளைக்கு 250 ரூபாய் கொடுப்போம். ஒருவர் சராசரி 8 நாள் படுத்தால் 2,000 ரூபாய். வருஷத்தில் 100 பேர் படுத்தால் 2 லட்சம். கணக்குப் பிள்ளை, நோட்டு, தணிக்கை என்று 50 ஆயிரம். மிச்சம் 50 ஆயிரம். பேஷ்!

அடுத்த வருஷம் டெங்கு வருகிறது. 200 பேர் படுக்கிறார்கள். 4 லட்சமும் 50 ஆயிரமும் வேண்டும். கையில் இருப்பது 3 லட்சமும் போன வருஷத்து மிச்சமும். ஒரு லட்சம் துண்டு விழுகிறது. அந்த வாரத்தில் பணம் கேட்டு வந்தவளைச் "சந்தைக்கப்புறம் வா" என்று திருப்பி அனுப்பினால், அடுத்த மாதம் சந்தா கட்ட ஒருவரும் வரமாட்டார்கள்.

சிறிய சங்கத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. தெருவில் ஒரு வீட்டுக்குக் கஷ்டம் என்றால் தெரு தாங்கும். தெருவுக்கே கஷ்டம் என்றால்? 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து குழந்தைகள் உள்பட 9 பேர் இறந்தார்களே, அப்போது இந்தப் பிரதேசம் முழுவதுமே நனைந்து கிடந்தது. யார் யாருக்குக் கொடுப்பது? ஆகவே சங்கம் தன் சுமையில் ஒரு பகுதியை இன்னும் பெரிய தோளுக்கு மாற்றியாக வேண்டும். இன்ஷ்யூரன்ஸுக்கே இன்ஷ்யூரன்ஸ். மறு காப்பீடு என்கிறார்கள். பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு சம்மேளனம் ஆகலாம். அல்லது பெரும் நஷ்டத்தை மட்டும் ஒரு கம்பெனியிடம் தள்ளலாம். கம்பெனியே கூடாது என்று முரண்டு பிடிப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கஷ்டம் நம்பிக்கை. 2022-ல் காட்பாடியை மையமாக வைத்து ஒரு நிதி நிறுவனம் பெரும் வட்டி தருவதாக ஆசை காட்டி, ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் திரட்டியது. பொருளாதாரக் குற்றப் பிரிவுப் போலீஸ் வழக்குப் போட்டது. அதற்குப் பிறகு வேலூர்ப் பக்கத்தில் "எல்லோரும் சேர்ந்து ஒரு நிதி வைப்போம்" என்று யாராவது வாயைத் திறந்தால், கேட்கிறவர் கை தானாகவே சட்டைப் பையைப் பொத்திக்கொள்ளும். குற்றம் சொல்ல முடியுமா? பெரிய வட்டி சொல்கிறவனையும் பரஸ்பர நிதியையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான அடையாளம் உண்டு. பரஸ்பர நிதி உங்களுக்கு லாபம் தருவதாகச் சொல்லவே சொல்லாது. நோய் வராவிட்டால் போட்ட பணம் போனதுதான். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் பலர். ஏஜெண்டுகள் எல்லாரும் "கடைசியில் இவ்வளவு திரும்பி வரும்" என்றே நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

இந்தப் பிரதேசத்துக்கென்றே ஒரு விஷயமும் உண்டு. தோல் மண்டி முதலாளிகளிலும் தொழிலாளிகளிலும் முஸ்லிம்கள் ஏராளம். வட்டியும் சூதாட்டத்தின் சாயலும் கலந்திருக்கிறது என்பதால், கம்பெனி இன்ஷ்யூரன்ஸை மார்க்க ரீதியாக ஒப்பாத பெரியவர்கள் அவர்களில் உண்டு. ஒருவருக்கொருவர் நன்கொடையாகப் பணம் போட்டு நஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு 'தகாபுல்' என்று பெயர். 1979-ல் சூடானில் துவங்கி, 1984-ல் மலேசியாவில் தனிச் சட்டமே கண்டு, 1999-ல் இலங்கைக்கும் வந்தது. அதன் எலும்புக்கூட்டைப் பார்த்தால் ராக்டேல் தொழிலாளி போட்டதும் இதுவும் நெருங்கிய உறவுதான்.

முதலாளிகளுக்குத் தெரிந்த வித்தை

வேடிக்கை என்னவென்றால், சேர்ந்து சுமப்பது எப்படி என்பது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அசுத்தம் செய்கிறவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றது. கழிவைச் சுத்தம் செய்யாத தொழிற்சாலைகள் மூடப்பட வேண்டும் என்றது. தனியாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சிறிய மண்டிக்காரரால் ஆகுமா? ஆகாது. அதனால் அவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று ஒவ்வோர் ஊரிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தோல் மண்டிகளே பங்குதாரர்கள். விலக முடியாத ஒரே குழாயில் எல்லோருடைய கழிவும் போகிறது. நேற்றுவரை சரக்கில் போட்டி போட்டவர்கள் சாக்கடையில் கூட்டாளிகள் ஆனார்கள்!

அந்த வழக்கின் இன்னொரு பாதியையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிலம் கெட்ட விவசாயிகளுக்கு நஷ்ட ஈடு கணக்கிட ஓர் அதிகார சபை ஏற்பட்டது. 2001 மார்ச்சில் அது, 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று தீர்மானித்தது. 547 தோல் மண்டிகள் கொடுக்க வேண்டும். வழக்கு, மேல் வழக்கு, மீதி பாக்கி என்று வருஷங்கள் ஓடின. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடு; சர்க்கார் கொடுத்துவிட்டு, அசுத்தம் செய்தவர்களிடம் வசூல் செய்துகொள் என்று. இருபத்து நாலு வருஷம்! 2001-ல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த குழந்தைக்கு அதற்குள் தன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வயது வந்திருக்கும். கோர்ட்டு மூலம் வரும் நஷ்ட ஈடு நியாயமானது. ஆனால் நாளைக்குக் காலையில் உலை வைக்க அது உதவாது. பத்து நாள் காய்ச்சலுக்குப் பத்தாம் நாளே பணம் வர வேண்டும் என்றால், பெட்டியின் சாவி பக்கத்துத் தெருவில் இருந்தாக வேண்டும்.

சங்கம் கம்பெனியாகும் கதை

சங்கம் ஒரு தடவை வளர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் நினைக்க முடியாது. சிங்கப்பூரில் 1970-ல் தொழிற்சங்கக் காங்கிரஸ், சாமானியத் தொழிலாளிகளுக்காக 'இன்கம்' என்ற கூட்டுறவு இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனம் துவங்கியது. பிரமாதமாக வளர்ந்தது. 2022-ல் அதைக் கம்பெனியாக மாற்றினார்கள். 2024-ல் ஜெர்மனியின் அல்லயன்ஸ் கம்பெனி அதில் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை வாங்க வந்தது. ஜனங்களிடையே பெரிய சலசலப்பு. அங்கத்தினர் சேர்த்துவைத்த பணம் எங்கே போகும் என்று கேட்டார்கள். அந்த அக்டோபரில் சர்க்காரே அந்த உருவத்தில் விற்கக் கூடாது என்று தடுத்தது. டிசம்பரில் அல்லயன்ஸ் விலகிக்கொண்டது. மலேயாவில் 1954-ல் பிறந்த கூட்டுறவு இன்ஷ்யூரன்ஸ் சங்கமும் பிற்பாடு கம்பெனியாகிவிட்டது. பெட்டி நிரம்ப நிரம்ப, அதை எட்டிப் பார்க்கிறவர்களும் பெருகுகிறார்கள்.

நம் தேசத்தில் 2025 மார்ச்சில் மத்தியக் கூட்டுறவு மந்திரி, கூட்டுறவுத் துறையில் ஓர் இன்ஷ்யூரன்ஸ் ஸ்தாபனம் ஏற்படப் போவதாக லோக்சபையில் சொன்னார். உர உற்பத்திக் கூட்டுறவான இப்கோ, 2000-ல் ஜப்பானியக் கம்பெனியோடு சேர்ந்து ஏற்கெனவே ஒன்று நடத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் அதில் விவசாயி வாடிக்கைக்காரர்தான். விதிகளைத் தீர்மானிக்கிறவர் அல்ல. டில்லியிலிருந்து வரப் போவது எதுவானாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: உதவித் தொகை இல்லை என்று சொன்னால், அப்படிச் சொன்னவரை அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று நான் கேள்வி கேட்க முடியுமா?

ஆம்பூர் வட்டாரத்தில் மகளிர் சுய உதவிக் குழு இல்லாத கிராமத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாரம் ஒரு நாள் கூடுகிறார்கள், சேமிப்பு வாங்குகிறார்கள், கடன் கொடுக்கிறார்கள், நோட்டில் எழுதுகிறார்கள். கடமலைப் பெண்கள் வைத்திய நிதி துவங்கியபோது அவர்களிடம் இருந்ததும் இந்த நோட்டுதான்.

உங்கள் ஊர்க் குழுவில் துவங்க நினைத்தால் முதலில் செய்ய வேண்டியது ஒன்று. சந்தா எவ்வளவு என்று பேசுவதற்கு முன்னால், போன வருஷத்தில் யார் யார் எத்தனை நாள் படுத்தார்கள், எவ்வளவு கூலி போயிற்று, அதற்காக யாரிடம் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். நாற்பது வீடுகள் முடிவதற்குள் சந்தா எவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்களே சொல்லிவிடுவார்கள்.